அவங்களையும் கூட்டியாரவா?

அக்காவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். பிரியமெல்லாம் அதற்குப் பிறகு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து ஆற அமர உட்கார்ந்தால்தான் வரும்.

அக்கா என்றால் என்னோடு கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் ஊர்க் கோவிலுக்குப் பின்தெருவில் தையல் மிஷின் வைத்திருந்தவள். ஆவூரைச் சுற்றியிருக்கும் பழைய கத்தோலிக்க ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயத்தில், கறம்பக்குடிப் பக்கமிருந்து நான் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் கோவில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்கு வேலை சமைப்பதும் பேசுவதும். சமையலைவிடப் பேச்சு நன்றாக வரும்.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுவது அவளுக்கு ஆகவே ஆகாது. இப்போது நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான். பெயரையாவது விட்டுவைக்கிறேன். என்னால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

முதல் தடவை ரவிக்கை தைக்கப் போனபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். கழுத்தில் தாலியோடு, மாதா படத் துணி கோத்த பழுப்பேறிய உத்தரியக் கயிறும் கிடக்கும். சேலை முழுக்க நூல் துணுக்குகள். என் தோளில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். நான் சும்மா நிற்கக்கூடாதா? மாமியாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். வாழ வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சொல்ல ஆயிரம் சேர்ந்திருந்தது. நான் மோர்ப்பானையைத் தொட்டால் ஏன் எட்டிப் பார்க்கிறாள், பகலில் அசந்து கண்ணை மூடினால் ஏன் வேண்டுமென்றே இருமுகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா டேப்பைத் தோளிலிருந்து எடுத்தாள்.

"ஒங்க மாமியாளையும் கூட்டியாரவா? அவங்களுக்கும் அளவு எடுக்கணும். ரெண்டும் ஒரே வேலையாப் போயிரும்."

சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. கீரனூரில் ஒருத்தனிடம் தைக்கக் கொடுத்தேன். கையைத் தூக்கினால் அக்குளில் கிழிந்தது. வெட்கத்தை விட்டுத் திரும்பவும் இவளிடமே போனேன். "வாடி, ஒக்காரு" என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. அன்றிலிருந்துதான் அவள் எனக்கு அக்கா.

தையல்காரி வீட்டில் பொம்பளைகள் கூடாமல் இருப்பார்களா? கூடுவார்கள். பேச்சு ஆரம்பிக்கும். யாராவது இல்லாத ஒருத்தியின் பெயர் வந்துவிட்டால் அக்கா மிஷினை வேகமாக மிதிப்பாள். தடதடவென்று அது போடுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. அதற்கும் அடங்காமல் கத்திப் பேசுகிறவர்கள் உண்டு. நானெல்லாம் அந்த ஜாதிதான். அப்போது மிஷின் நிற்கும். "அவங்களையும் கூட்டியாரவா?" என்று கேட்பாள். அதோடு அந்தப் பேச்சு செத்தது.

சும்மா மிரட்டுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். ஒருநாள் சூசையம்மாள் என்று ஒருத்தி, அடுத்த வீட்டுக்காரி தன் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டதாக அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "கூட்டியாங்களேன், எனக்கென்ன பயமா?" என்றாள் அவள். அக்கா எழுந்தாள். கழுத்தில் டேப்போடு தெருவில் இறங்கிப் போய், ஐந்து நிமிஷத்தில் அந்த அடுத்த வீட்டுக்காரியைக் கையோடு கூட்டி வந்து நிறுத்தினாள்.

"இந்தா வந்துட்டாங்க. இப்பச் சொல்லுங்க."

சூசையம்மாளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்ல... எங்கோழியக் காணோம்னு..."

"ஓங்கோழியா? எங்க வைக்கப்போருக்குள்ள அடை உக்காந்திருக்கு. பத்து நாளா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். ஒம் மூஞ்சியப் பாத்தா பேசவா தோணுது?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஊசி டப்பா கவிழ்ந்துவிட்டது. அக்கா மட்டும் குனிந்து ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இவள் ஏன் இப்படி என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கன்னியாஸ்திரிகளின் மடத்தில் தையல் கற்றவள், அங்கே பழக்கியது என்பார் ஒருவர். புருஷன் மலேயாவுக்குப் போய் வருஷத்துக்கு ஒரு கடிதம்தான் வருகிறது, தன்னைப் பற்றிப் பேச்சு வந்துவிடக்கூடாதென்று முந்திக்கொண்டு வாயை அடைக்கிறாள் என்பார் இன்னொருவர். இதைச் சொன்னது நான்தான், மறைப்பானேன். பிறவியிலேயே அவளுக்கு ஊர்வம்பில் ருசி கிடையாது, அதனால் அது அவளுக்குச் சுலபம் என்றும் நினைத்திருந்தேன். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது பார்த்தால், நாங்களெல்லாம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு வருவோம், இவள் போனால் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கும். ஒருநாள் வழியில் மடக்கிக் கேட்டே விட்டேன்.

"அப்படி என்னதான்க்கா பாவம் பண்ணுவீங்க, இம்புட்டு நேரம்?"

"கேக்க ஆசை வருதுடி" என்றாள். "யாரு என்ன பண்ணா, யாரு வீட்டுல என்ன சண்டைன்னு தெரிஞ்சுக்க எனக்குந்தான் காது அரிக்கிது. ஒனக்கு அரிக்கிறதவிட ஜாஸ்தியா அரிக்கிது. அதான் மிதிக்கிறேன்."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்: "கோவில்ல மண்டி போடுறது அரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வாயிலதான இருக்கு."

சாமி சம்பந்தமாக அவள் பேசி நான் கேட்டது அவ்வளவுதான். மற்றபடி அவள் யாருக்கும் புத்தி சொன்னதில்லை.

அவளிடம் எனக்குப் பிடிக்காத காரியமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்குப் பெண் கொடுக்க நினைத்து வெளியூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். நேரே அக்காவிடம் வந்தாள், நாலு வீட்டு விஷயம் தெரிந்தவள் தையல்காரிதானே என்று. பையன் எப்படி என்று கேட்டாள். அவன் குடிகாரன். சாராயம் கூடாதென்று சட்டம் இருந்தாலும் காட்டுக்குள் காய்ச்சுகிறவன் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தான், இவன் போய்க் குடித்துக்கொண்டுதான் இருந்தான். குடித்தால் கை நீளும். அக்காவுக்கு எல்லாம் தெரியும். "அவங்க வீட்டுலயே போயிக் கேட்டுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு வாய் துடித்தது. அக்கா முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. வருஷம் திரும்புவதற்குள் அந்தப் பெண் ரவிக்கைத் துணியோடு வந்து, கையை முழங்கை வரைக்கும் இறக்கித் தைத்துத் தரச் சொன்னாள். சித்திரை வெயிலில்! அளவெடுக்கும்போது அக்கா பார்த்துவிட்டாள். மேல்கையில் கன்றிப்போய் விரல் விரலாகப் பதிந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தைத்துக் கொடுத்தாள். பிறகு மிஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு அந்த வீட்டுக்குப் போய், அவனையும் அவன் ஆத்தாளையும் நிற்க வைத்து, அவன் செய்வது என்ன என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாளாம். அவன் அடிக்கக் கையை ஓங்கினானாம். இவள் நகரவில்லையாம். அவன் அதோடு திருந்தினான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். முழுசாகத் திருந்தவில்லை. கொஞ்சம் பயந்தான்.

"அன்னிக்கே அந்தம்மாகிட்டச் சொல்லிருந்தா இவ தப்பிச்சிருப்பாள்ல?" என்று நான் சண்டைக்கே போனேன்.

"ஆமா. என் பாவந்தான்" என்றாள். "இல்லாத ஆளப் பத்திப் பேசக்கூடாதுன்னு இருந்தேன். சரி. அவனையே கூப்பிட்டு வச்சுக்கிட்டு அந்தம்மாகிட்டச் சொல்லிருக்கலாம்ல? இருக்கிற ஆள்கிட்டயும் பேசாம இருந்துட்டேனே."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் இன்னும் பொல்லாதவள் ஆனாள். காதுக்கு ஒன்று எட்டிவிட்டால் நேரே சம்பந்தப்பட்டவர் வாசலில் போய் நிற்பாள்.

என் வாசலில் வந்து நின்றது அதற்கு அடுத்த வருஷம்.

எங்கள் ஊரில் செசிலி என்று ஒரு பெண். டீச்சர் டிரெயினிங் படித்தவள், அமைதியான பிள்ளை. என் தம்பிக்கு அவளைக் கேட்டோம். கொடுக்கவில்லை. அதைச் சொல்லவாவது மரியாதையாக ஆள் அனுப்பியிருக்கலாம். செசிலியின் அம்மா கோவில் வாசலில் வைத்து, போகிற போக்கில், "அதெல்லாம் சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஆறு மாதத்தில் குளத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்தார்கள். திருச்சியில் ரயில்வேயில் வேலை. ஓலையும் வாசித்தார்கள்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு நடுவில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று சாமியார் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். அதுதான் ஓலை. பெண் ஊரிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை ஊரிலும் வாசிப்பார்கள். தடங்கல் ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லியாக வேண்டும், மறைத்தால் பாவம். மூன்றாம் ஓலை விழுந்துவிட்டால் பந்தக்கால் நட்ட மாதிரிதான்.

முதல் ஓலை வாசித்த மறுநாள், தண்ணீர் இறைக்கும்போது, இரண்டு பேர் காதில் விழ நான் சொன்னேன். "பாவம், மாப்பிள்ளை வீட்டுக்காரவுக. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வாரது தெரியுமோ என்னமோ."

ஒரே ஒரு வரி. செசிலிக்கு வலிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்கு முந்திய பெரிய வெள்ளிக்கிழமை, ஒருசந்தி இருந்து வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் கோவிலில் நின்றதில் மயங்கி விழுந்தாள். பக்கத்தில் நின்றவள் நான். அவள் தலையை என் மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தவளும் நான். அதனால்தான் நான் சொன்னதும் நம்பினார்கள். கூட இருந்து பார்த்தவள் சொல்கிறாளே!

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அதற்குள் அந்த ஒரு வரி பஸ் ஏறிக் குளத்தூர்ப் பக்கம் போய்விட்டது. அங்கே போனபோது அது வளர்ந்திருந்தது. நுரை தள்ளியதாம், சாவியைக் கையில் கொடுத்தார்களாம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து சாமியாருக்கு ஆள் வந்து, கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் ஞாயிறு. சாமியார் வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார். காகிதத்தை மடித்து வைத்தார். செசிலியின் பெயர் வரவில்லை. கோவிலில் இருந்த அத்தனை தலையும் பெண்கள் பக்கம் திரும்பியது. செசிலி முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆண்கள் பக்கம் அவள் அப்பா தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பாவத்தோடு பீடத்தில் நற்கருணை நன்மை வாங்கப் போனால் சர்வேசுரன் பார்ப்பார், போகாவிட்டால் ஊர் பார்க்கும். நான் போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மத்தியானமே அக்கா வந்துவிட்டாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"செசிலியப் பத்தி நீ சொன்னதாச் சொல்றாங்க. நீ இல்லாத எடத்துல நான் காது குடுக்கல. அதான் ஒன்கிட்டயே கேக்க வந்தேன். சொன்னியா?"

"நானா? ஐயையோ, நான் ஏங்க்கா அப்படிச் சொல்லப் போறேன்?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். போய்விட்டாள்.

அவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். தப்பித்தோம் என்று ஒரு பக்கம் நிம்மதி. வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "வாயத் தொறக்காத. சாமியாருக்குத் தெரிஞ்சா என் வேலை என்ன ஆகும்? ஊர்ப்பேச்சு தானா அடங்கிரும்" என்றார். பள்ளிக்கூடத்துக்கு மேனேஜரே சாமியார்தான். அவர் பயப்பட்டதில் தப்பில்லை.

செவ்வாய்க்கிழமை, தைக்கக் கொடுத்திருந்த என் மகளின் பாவாடையை வாங்கிவரலாமென்று அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலை நெருங்கும்போது உள்ளே பேச்சு. இரண்டு பொம்பளைகள் இருந்தார்கள். "எல்லாம் அந்த வாத்தியார் பொஞ்சாதி கட்டிவிட்டதுதான்" என்றாள் ஒருத்தி. மிஷின் தடதடக்கும் என்று எதிர்பார்த்தேன். கூட்டியாரவா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"அவ சொல்லல" என்றாள் அக்கா. "நானே நேர்ல போயிக் கேட்டுட்டேன். அவ இல்ல. நான் சாட்சி."

இல்லாத ஒருத்தியைப் பற்றி அக்கா வாய் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் எனக்காக. அதுவும் பொய்ச்சாட்சி. ஐயோ, பொய் என்று தெரியாமலே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கற்பனையை மீறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே! இத்தனை வருஷம் மிதித்து மிதித்துக் காப்பாற்றிய வாயை நான் இப்படி அழுக்காக்கிவிட்டேனே! செசிலி முக்காட்டை இழுத்துவிட்டபோது வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. அந்த இரண்டு பேரும் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றேன். அவர்கள் போனால் நானும் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று எனக்கே தெரிந்தது. உள்ளே போனேன்.

"அக்கா, நாந்தான் சொன்னேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மயக்கம் போட்டு விழுந்ததைத்தான் வலிப்பு என்று சொன்னேன், தம்பிக்குக் கொடுக்காத கோபம், ஞாயிற்றுக்கிழமை உங்களிடமும் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். அந்த இரண்டு பேர் பக்கம் திரும்பி, "இப்ப நான் சொன்னது தப்பு. தீர விசாரிக்காம சாட்சி சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றாள். அவர்களிடம் இவள் மன்னிப்புக் கேட்கிறாள்!

"சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சொல்லிர்றேன்க்கா" என்றேன்.

"அது ஒனக்கு. செசிலிக்கு?"

அக்கா மிஷினுக்கு உறையைப் போட்டாள். "நாளைக்குக் காலையில மாப்பிள்ளை வீட்டுக்குப் போவோம். தனியாப் போவியா, நானும் வரவா?" என்றாள்.

"வாங்கக்கா" என்றேன்.

வீட்டுக்காரர் ஆடித் தீர்த்தார். பிறகு காலையில், நான் கிளம்பும்போது, குடையை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் போய் இறங்கி, மிச்ச தூரம் பொட்டல் வழியாக நடந்தோம். அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மாள் முடிகிற வரைக்கும் கேட்டுவிட்டு, "பொண்ணு வீட்டுல சொல்லிக்குடுத்து அனுப்புனாங்களா?" என்றாள்.

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க."

"அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு நீயே சொல்ற. இன்னிக்குச் சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. பொய் சொன்ன வாய்க்கு உண்மை சொல்லும்போது விலை கிடையாது என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. செசிலியின் கல்யாணம் என் கண்ணெதிரிலேயே நழுவிக்கொண்டிருந்தது. அந்தம்மாள் அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாரு? இந்தம்மா எப்படிப்பட்ட ஆளு? நீங்களாவது சொல்லுங்க."

"ஆளு எதுத்தாப்புல இருக்கு. சொல்றேன்" என்றாள் அக்கா.

சொன்னாள். அப்பப்பா! "வாய்த்துடுக்கு. கோவம் வந்தா நாக்கு நிக்காது. மாமியாளக் கொறை சொல்லாத நாள் கெடையாது. என் வீட்டுக்காரரப் பத்தியும் ஊருல சொல்லிருக்கா. தம்பிக்குப் பொண்ணு குடுக்கலேங்கிறத மனசுல வச்சுக்கிட்டுத்தான் இதையும் சொன்னா. ஞாயித்துக்கெழமை எம் மூஞ்சியப் பாத்து இல்லேன்னு பொய் சொன்னா. நானும் நம்பி ரெண்டு பேர்ட்டச் சாட்சி சொல்லிட்டேன்."

புருஷனைப் பற்றி நான் சொன்னது இவளுக்குத் தெரியுமா? அதுவும் தெரிந்துதான் இத்தனை வருஷமும் எனக்குத் தைத்துக் கொடுத்தாளா? பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"நேத்து, யாரும் கேக்காம, அந்த ரெண்டு பேருக்கு முன்னாலயே நாந்தான்னு வந்து சொன்னா" என்று தொடர்ந்தாள் அக்கா. "இவ வீட்டுக்காரரு கோவில் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. சாமியாருக்குத் தெரிஞ்சா வேலைக்கே ஆபத்து. தெரிஞ்சுதான் வந்திருக்கா. இதுல இவளுக்கு அவமானத்தத் தவுர ஒண்ணும் கெடையாது. பொய் சொல்றதுக்கு இவ்வளவு தூரம் யாரும் வெயில்ல நடந்து வர மாட்டாங்க. அந்தப் பிள்ளைய நீங்களே ஒருநாள் வந்து பாருங்க, பேசுங்க. நான் சொல்றது அம்புட்டுத்தான்."

மாப்பிள்ளையின் அப்பா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவர், வீட்டுக்குள் பார்த்து, "மோர் இருந்தாக் கொண்டாங்க. நடந்து வந்திருக்காங்க" என்றார். மோர் வந்தது. அந்தச் சொம்பைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும்போது நான்தான் வாயைத் திறந்தேன். "இம்புட்டும் சொல்லணுமாக்கா?"

"கேட்டாங்க. நீயும் இருந்த."

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"எப்பப் போகும்?"

"தெரியல. வெரசா நட, பஸ் போயிரும்."

மறுநாளே அவர்கள் வந்து செசிலியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது. சாமியார் என்னைக் கூப்பிட்டு விட்ட டோஸை இங்கே எழுத முடியாது. வீட்டுக்காரர் வேலை தப்பியது. செசிலியின் அம்மா அதற்குப் பிறகு சாகிறவரை என்னோடு பேசவில்லை. அவள் பேசாததில் எனக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை.

ஊரில் எல்லா வீட்டுக்கும் கல்யாண அழைப்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கல்யாணப் பெண்ணின் ரவிக்கையே அக்கா தைத்தது, அவளுக்கு முதல் அழைப்பு. கல்யாணத்தன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். மணியடித்தது கேட்டது, பேண்டு வாத்தியம் கேட்டது. பந்தியில் இன்றைக்கு என் தலைதான் உருளும் என்று தெரியும். உருளட்டும், நான் செய்ததற்கு அதுவாவது வேண்டாமா?

உச்சி வெயிலில் யாரோ கதவைத் தட்டினார்கள். அக்கா நின்றாள். புதுச்சேலை கட்டியிருந்தாள்.

"என்னக்கா, சாப்பிட்டாச்சா?"

"எலையில உக்காந்தேன். சோறு போட்டாங்க, கொழம்பு ஊத்துறதுக்குள்ள பேச்சு வந்துருச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பசிக்கிதுடி. என்ன இருக்கு?"

அவர்கள் பேசியதெல்லாம் உண்மையாகத்தான் இருந்திருக்கும். அதைவிட மோசமாக அவளே என் முகத்துக்கு நேராகச் சொன்னவள்தான். இருந்தும் கல்யாணப் பந்தியில் போட்ட இலையை விட்டு எழுந்து வந்திருக்கிறாள். பழைய சோறும் சுண்டவத்தலும்தான் இருந்தது. தட்டில் போட்டு வைத்தேன். அழுதுகொண்டே மோரை ஊற்றினேன். அவள் தலையைக் குனிந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

பந்தியில் என்ன பேசினார்கள், யார் பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. எனக்குக் காது அரித்தது. நான் கேட்கவில்லை.